ஒரு சொல்லுக்குள் மூன்று குறைபாடுகள்: ஆண் ஓமோன் சிகிச்சை பற்றிய தப்பெண்ணங்கள்

(சென் ஜேம்ஸ் ரவுண் தமிழ்க் குடியிருப்பாளர் ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நான் வைத்தியன் அல்லன். சட்டம் பயின்று, மாநகர சபையின் ஆவணங்களைத் தமிழாக்கும் பணியில் இருப்பவன். மருந்தைப் பற்றிப் பேச உமக்கு என்ன தகுதி என்று நீங்கள் வினவலாம். ஒரு பிழை எனக்கு அந்தத் தகுதியைத் தந்தது. சில ஆண்டுகளுக்கு முன்னர், ஆண்களின் உடல்நலம் பற்றிய துண்டுப்பிரசுரம் ஒன்றை மொழிபெயர்த்தபோது, ஆங்கிலத்தில் மூன்று வெவ்வேறு சொற்கள் நின்ற இடங்களில் நான் ‘ஆண்மைக்குறைவு’ என்ற ஒரே சொல்லை எழுதிவிட்டேன். அச்சுக்குப் போகுமுன் அதனைப் படித்த தமிழ்த் தாதி ஒருவர், “ஐயா, இதைப் படிக்கிறவர் எதற்கு எந்த மருந்தை எடுப்பார்?” என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை.

அந்த மூன்றும் எவை? இரத்தத்தில் ரெஸ்ரோஸ்ரெரோன் என்னும் ஆண் ஓமோன் குறைந்திருத்தல் ஒன்று. உறவின்போது விறைப்பு ஏற்படாமை இன்னொன்று. விந்தணுக்கள் போதாமையால் பிள்ளைப்பேறு தடைப்படுதல் மூன்றாவது. ஒருவருக்கு இவற்றில் ஒன்று இருக்க மற்றவை இல்லாதிருக்கலாம். நம் மொழி மூன்றையும் ஒரே சொல்லில் அடைத்தமையால், ஓமோன் ஊசி ஒன்றே மூன்றுக்கும் மருந்தென்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது.

இந்த எண்ணத்தினால் பெருந்தீங்கு விளைவது பிள்ளைக்காகக் காத்திருக்கும் குடும்பங்களில்தான். ஆண் ஓமோனை ஏற்றினால் விந்து பெருகும் என்று நம்புகின்றனர். நடப்பதோ நேர்மாறானது. மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பிதான் விதைகளுக்கு ‘வேலை செய்’ என்ற கட்டளையை அனுப்புகின்றது. வெளியிலிருந்து ஓமோன் வந்து சேர்ந்ததும், உடலில் போதியளவு உண்டென்று கருதி அச்சுரப்பி கட்டளையை நிறுத்திவிடும். விதைகள் ஓய்ந்து சுருங்கும். விந்தணு உற்பத்தி குறையும், பலருக்கு முற்றாக நின்றுவிடும். இவ்விளைவு எவ்வளவு உறுதியானதென்றால், உலக சுகாதார நிறுவனம் இதே ஓமோனை ஆண்களுக்கான கருத்தடை மருந்தாகவே பரிசோதித்தது. 1990இல் வெளியான அந்த ஆய்வில் வாரந்தோறும் 200 மில்லிகிராம் ஊசி ஏற்றப்பட்டது. விந்தணு முற்றாக அற்றுப்போன 157 ஆண்களின் துணைவியரிடையே, ஆய்வுக் காலத்தில் ஒரேயொரு கருத்தரிப்பே நிகழ்ந்தது. பிள்ளை வேண்டி ஒருவர் எடுக்கும் மருந்து கருத்தடை மருந்தாகிவிடுகின்றது என்பதை மொழிபெயர்ப்பாளனாகிய நான் அறிந்த நாளில் எனக்கு உறக்கம் வரவில்லை.

ஊசியை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு உற்பத்தி மீளும். ஆயினும் மாதங்கள் செல்லும், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். மனைவியின் வயது அதுவரை காத்திராது. எனவே பிள்ளை வேண்டும் என்ற விருப்பத்தை முதலிலேயே வைத்தியரிடம் கூறுங்கள். விந்துற்பத்தியை நிறுத்தாமல் ஓமோனை உயர்த்தக்கூடிய வேறு மருந்துகள் உள்ளன.

விறைப்பின்மையின் கதை வேறு. நம்மவரிடையே அதற்குப் பெரும்பாலும் நீரிழிவு, உயர் குருதியமுக்கம், புகைத்தல் ஆகியன காரணமாகின்றன. இதய நோயின் முன்னறிவிப்பாகவும் அது வருவதுண்டு. அதற்கு முதலில் ஊசி தேடுவது புகையைக் கண்டும் நெருப்பைத் தேடாமல் யன்னலைத் திறப்பது போன்றது.

நீரிழிவுக்கும் ஓமோன் குறைவுக்கும் தொடர்புண்டு என்பதும் உண்மையே. ஏரிக்கு அப்பால் பஃபலோ நகரில் பரேஷ் தண்டோனாவும் சந்தீப் டின்சாவும் தம் குழுவினருடன் இரண்டாம் வகை நீரிழிவுள்ள 103 ஆண்களைப் பரிசோதித்து, மூன்றில் ஒருவருக்கு ஆண் ஓமோன் குறைந்திருப்பதாக 2004இல் அறிவித்தனர். உடற்பருமனும் உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுதலும் இவ்வாறே அதனைக் குறைக்கும். எடை குறைந்தால் ஓமோன் தானாகவே உயர்வதுமுண்டு. வயதேறுவதனால் மட்டும் நிகழ்வது ஆண்டுக்கு ஏறத்தாழ 1 வீத வீழ்ச்சி, அது நோயன்று.

மறுபுறம், உண்மையாகவே குறைபாடுள்ள சிலர் அச்சத்தால் சிகிச்சையை மறுக்கின்றனர். புரொஸ்ரேற் புற்றுநோய் வருமென்பது அந்த அச்சம். இதன் மூலம் ஒரு கனடியர். ஹலிஃபாக்ஸில் பிறந்த சார்ள்ஸ் ஹகின்ஸ், ஆண் ஓமோனைக் குறைத்தால் ஏற்கெனவே பரவிய அப்புற்றுநோய் தணிகின்றதென 1941இல் காட்டினார். 1966இல் நோபல் பரிசும் பெற்றார். குறைத்தால் தணிகின்றது என்பதிலிருந்து, கூட்டினால் நோய் தோன்றும் என்று உலகம் முடிவு கட்டிக்கொண்டது. தர்க்கம் படித்தவர்கள் இதனை ஏற்கமாட்டார்கள். இதய நோயுள்ள, அல்லது அதற்கான ஆபத்துள்ள, ஓமோன் குறைந்த 5,000க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடத்தப்பட்டு 2023இல் வெளியான பெரிய ஆய்வில், புரொஸ்ரேற் புற்றுநோயும் மாரடைப்பும் பக்கவாதமும் சிகிச்சை பெற்றோரிடம் அதிகரிக்கவில்லை. எனினும் இதயத் துடிப்பு ஒழுங்கின்மை, நுரையீரலில் இரத்தக்கட்டி, சிறுநீரகப் பாதிப்பு ஆகியன சற்றே கூடுதலாகக் காணப்பட்டன. சிகிச்சையினால் செங்குருதிக் கலங்கள் பெருகி இரத்தம் தடிப்பதும் உண்டு. ஆகவே இது இரத்தப் பரிசோதனைகளுடன் வைத்தியரின் கண்காணிப்பில் நடக்கவேண்டிய சிகிச்சை. தோளிற் பூசும் களிம்பைப் பயன்படுத்துவோர் கைகளைக் கழுவி, பூசிய இடத்தை உடையால் மூடிய பின்னரே குழந்தையைத் தூக்க வேண்டும். தொடுகையால் அது குழந்தையின் உடலிலும் சேரும்.

இனி என் துறைக்கு வருகிறேன். 1996ஆம் ஆண்டின் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் ரெஸ்ரோஸ்ரெரோன் இடம்பெறுகின்றது. அதிகாரமின்றி அதனை விற்பது மட்டுமன்று, கொடுப்பதும் அச்சட்டத்தின்படி கடத்தலாகும். உடற்பயிற்சிக்கூட நண்பனுக்கு ஒரு குப்பியை இலவசமாகக் கொடுப்பவரும் இதிலடங்குவர். ஊரிலிருந்து வரும் மைத்துனரிடம் ‘இரண்டு ஊசி கொண்டுவாரும்’ என்று சொல்லி அவரை விமான நிலையத்திற் சிக்கவைக்காதீர்கள். இந்தியாவிலோ, பாலுறவு ஆற்றலைப் பெருக்கும் மருந்தென விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கின்றது. அவ்விளம்பரங்கள் நம் தொலைபேசிகளுக்கு இன்றும் வருகின்றன. ‘மூலிகை’ என்று விற்கப்படும் இத்தகைய மாத்திரைகள் சிலவற்றில் பெயர் குறிப்பிடாத விறைப்பு மருந்து கலந்திருப்பதைக் கனடிய சுகாதாரத் திணைக்களம் பலமுறை கண்டறிந்துள்ளது. நெஞ்சுவலிக்கு நைத்திரேற்று எடுப்பவரின் உயிரையே அது பறிக்கலாம்.

இவ்வளவு தெரிந்தும் பலர் வைத்தியரிடம் செல்லத் தயங்குவதன் காரணம் எனக்குப் புரிகின்றது. ஒரே மாடிக்கட்டடம், ஒரே மின்தூக்கி, மனைவிக்கும் அதே குடும்ப வைத்தியர். 2004ஆம் ஆண்டின் ஒன்ராறியோ தனிநபர் சுகாதாரத் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி, உங்கள் சம்மதமின்றி வைத்தியர் இதனை உங்கள் மனைவியிடம் கூற முடியாது. மொழிபெயர்ப்பாளருக்கும் இரகசியம் காக்கும் கடமை உண்டு. அயலவர் ஒருவர் மொழிபெயர்ப்பதை விரும்பாவிடின், தொலைபேசி வழியாக வேறொருவரைக் கேளுங்கள். அவர் உங்கள் முகத்தையும் காணமாட்டார். குடும்ப வைத்தியர் இல்லாதோர் 811 என்ற இலக்கத்தை அழைத்துத் தாதியுடன் பேசலாம்.

வைத்தியரிடம் ‘ஆண்மைக்குறைவு’ என்று மட்டும் கூறாதீர்கள். மூன்றில் எது என்று சொல்லுங்கள். ஓமோன் பரிசோதனை காலை 7 மணிக்கும் 11 மணிக்கும் இடையில், வெவ்வேறு நாட்களில் இருமுறை செய்யப்பட வேண்டும்; மாலையில் எடுத்த ஒற்றை முடிவை வைத்து எவரும் ஊசி ஏற்றக்கூடாது. இந்த ஓமோன் உறக்கத்தைப் பின்பற்றி ஏறி இறங்குவதால், இரவு வேலை முடித்து நேரே ஆய்வுகூடத்துக்குச் செல்பவர் அதனை முன்கூட்டியே வைத்தியருக்குத் தெரிவிக்க வேண்டும்.