அடைப்புக்குறிக்குள் நிற்கும் சொற்கள்: சுகாதார ராஜதந்திரம் யாருடைய படிப்பு?

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தலைப்பைப் பார்த்ததும் இரண்டு தோழர்கள் என்னிடம் கேட்டார்கள்: "ராஜதந்திரமெல்லாம் ஐ.எஃப்.எஸ். எழுதுறவங்க படிக்கிறது. நமக்கு எதுக்கு?" நியாயமான கேள்வி. இந்த உரை முழுவதும் அதற்கான பதில்தான்.

சுகாதார ராஜதந்திரம் என்றால் என்ன? நோய், மருந்து, தடுப்பூசி ஆகியவை குறித்து நாடுகள் ஒன்றோடொன்று பேரம் பேசுவது. இது புதிதல்ல. 1851இல் பாரிஸில் முதல் பன்னாட்டு சுகாதார மாநாடு கூடியது. 12 அரசுகள் கலந்துகொண்டன. ஒவ்வொரு அரசும் ஒரு மருத்துவரையும் ஒரு ராஜதந்திரியையும் அனுப்பியது. காலராவை எப்படித் தடுப்பது, கப்பல்களை எத்தனை நாள் நிறுத்திவைப்பது என்று மாதக்கணக்கில் பேசினார்கள். 1866இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய மாநாடு காலராவின் பிறப்பிடம் இந்தியா என்றது. அங்கே இந்தியாவின் சார்பில் பேசியவர்கள் பிரிட்டிஷ் அதிகாரிகள். பேசப்பட்டது நம் மக்களின் உடல்களைப் பற்றி. பேசியவர்கள் வேறு யாரோ. இந்த ஒரு காட்சியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இது ஒரு தனிப் பயிற்சித் துறையாக உருவெடுத்தது கடந்த 20 ஆண்டுகளில்தான். 2007இல் பிரேசில், பிரான்ஸ், இந்தோனேசியா, நார்வே, செனகல், தென்னாப்பிரிக்கா, தாய்லாந்து ஆகிய 7 நாடுகளின் வெளியுறவு அமைச்சர்கள் ஓஸ்லோ பிரகடனத்தை வெளியிட்டார்கள். வெளியுறவுக் கொள்கையில் சுகாதாரத்துக்கு உரிய இடம் வேண்டும் என்பது அதன் சாரம். அதே காலத்தில் ஜெனீவாவில் இதற்கான சிறப்புப் பயிற்சிகள் தொடங்கின. பிறகு பல நாடுகளின் பல்கலைக்கழகங்களுக்கும் அவை பரவின.

அங்கே என்ன கற்றுத்தருகிறார்கள்? பெரும்பகுதி, வாசிக்கக் கற்றுத்தருகிறார்கள். ஒப்பந்த வரைவு ஒன்றில் உடன்பாடு எட்டாத சொற்கள் சதுர அடைப்புக்குறிக்குள் நிற்கும. அந்த அடைப்புக்குறியை நீக்குவதற்குத்தான் இரவு பகலாகப் பேச்சுவார்த்தை. ஆங்கில வரைவில் 'ஷல்' என்று இருந்தால் அந்த நாடு அதைச் செய்தே ஆக வேண்டும். 'ஷுட்' என்று இருந்தால் செய்வது நல்லது, செய்யாவிட்டால் கேட்க முடியாது. தமிழில் இரண்டையும் 'வேண்டும்' என்றே மொழிபெயர்த்துவிடுவோம். நாம் செய்தித்தாளில் படித்து மகிழும் பல வாக்குறுதிகள் மூலத்தில் வெறும் அறிவுரையாக இருப்பது இப்படித்தான்.

இந்தத் திறமையை ஏளனமாகப் பார்க்கக் கூடாது. இதனால் உயிர்கள் பிழைத்திருக்கின்றன.

2007இன் தொடக்கத்தில் இந்தோனேசியா, தன் நாட்டில் கிடைத்த பறவைக் காய்ச்சல் வைரஸ் மாதிரிகளை உலக சுகாதார நிறுவனத்துக்கு அனுப்புவதை நிறுத்தியது. மாதிரி எங்களுடையது, அதிலிருந்து தடுப்பூசி செய்பவர்கள் பணக்கார நாட்டு நிறுவனங்கள், அதை வாங்க எங்களிடம் காசில்லை, இது என்ன நியாயம் என்று அதன் சுகாதார அமைச்சர் சிதி ஃபதிலா சுபாரி கேட்டார். பெரும் கண்டனம் எழுந்தது. ஆனால் அந்தக் கேள்வியிலிருந்துதான் 2011இல், மாதிரியைக் கொடுப்பவருக்கும் பலனில் பங்கு உண்டு என்கிற ஏற்பாடு இன்ஃப்ளூயன்சாவுக்கு வந்தது.

எய்ட்ஸ் மருந்துகளின் கதையும் இதுதான். தென்னாப்பிரிக்காவின் மருந்துச் சட்டத்துக்கு எதிராக வழக்குப் போட்ட 39 மருந்து நிறுவனங்கள், 2001 ஏப்ரலில் அதைத் திரும்பப் பெற்றன. தெருவில் இறங்கிய எச்.ஐ.வி. தொற்றாளர்களின் போராட்டம் அதற்கு முக்கியக் காரணம். அந்த ஆண்டு நவம்பர் 14 அன்று உலக வர்த்தக அமைப்பின் தோஹா பிரகடனம், காப்புரிமை விதிகள் பொதுச் சுகாதாரத்தைக் காக்கும் நடவடிக்கைகளுக்குத் தடையாக இருக்கக் கூடாது என்று சொன்னது.

இதற்குச் சென்னையிலும் ஒரு தொடர்ச்சி உண்டு. இரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்துக்கு நோவார்டிஸ் நிறுவனம் கேட்ட காப்புரிமையை 2006இல் மறுத்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். அந்த மருந்துக்கு அப்போது மாதம் 1 லட்சம் ரூபாய்க்கு மேல் ஆனது. இந்திய நிறுவனங்கள் தயாரித்த அதே மருந்து அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான விலையில் கிடைத்தது. காப்புரிமையை எதிர்த்து நின்றவர்களில் புற்றுநோயாளிகளுக்கான அமைப்பும் ஒன்று. பழைய மருந்தில் சிறு மாற்றம் செய்து புதுக் காப்புரிமை வாங்குவதைத் தடுக்கும் 3(டி) பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007இல் ரத்துசெய்ய மறுத்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் நோவார்டிஸின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

இந்த வெற்றிகளில் அமைச்சர்களும் வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள். கூடவே நோயாளிகளும் இருக்கிறார்கள். பாதிக்கப்பட்டவர்கள் சட்டத்தின் மொழியைக் கற்றுக்கொண்டு பேசியபோது பேரத்தின் போக்கு மாறியது.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். 2020 அக்டோபர் 2 அன்று இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் உலக வர்த்தக அமைப்பில் ஒரு முன்மொழிவை வைத்தன. கோவிட் முடியும்வரை தடுப்பூசி, மருந்து, பரிசோதனைக் கருவிகள் மீதான காப்புரிமை விதிகளை நிறுத்திவைக்க வேண்டும் என்றன. சரியான கோரிக்கை. 2022 ஜூன் 17 அன்று கிடைத்ததோ தடுப்பூசிக்கு மட்டுமான, மிகச் சுருங்கிய ஒரு சலுகை. பணக்கார நாடுகள் பிறர் உயிரைத் தங்கள் உயிருக்குச் சமமாக மதிக்கவில்லை என்று நாம் கோபப்பட்டோம். அந்தக் கோபம் நியாயமானது.

ஆனால் அதே சமத்துவக் கேள்வியை உள்நாட்டில் கேட்டால் என்ன நடக்கிறது? இந்தியாவில் ஒரு தலித் பெண், உயர்த்தப்பட்ட சாதிப் பெண்ணைவிடச் சராசரியாக 14.6 ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார் என்று ஐ.நா. பெண்கள் அமைப்பின் 2018ஆம் ஆண்டு அறிக்கை சொன்னது. நாடுகளுக்கு இடையே இப்படி ஒரு இடைவெளி இருந்தால் அதற்கென்று தனி மாநாடே கூட்டுவார்கள். ஒரே நாட்டுக்குள், ஒரே ஊரில், ஊருக்கும் சேரிக்கும் நடுவே இருப்பதால் அது 'உள்நாட்டு விவகாரம்' ஆகிவிடுகிறது.

2001இல் டர்பன் நகரில் நடந்த இனவெறி எதிர்ப்பு மாநாட்டை நினைத்துப் பாருங்கள். தலித் அமைப்புகள் திரளாகப் போய், சாதிப் பாகுபாட்டையும் அறிக்கையில் சேர்க்கச் சொல்லிப் போராடின. இந்திய அரசு கடுமையாக எதிர்த்தது. இறுதி அறிக்கையில் சாதி இடம்பெறவில்லை. ஆனால் இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1965ஆம் ஆண்டின் இனப்பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கையின் முதல் உறுப்பிலேயே 'வம்சாவளி' என்ற சொல் இருக்கிறது. அதை முன்மொழிந்து சேர்த்தது இந்தியத் தூதுக்குழுதான். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் 2002இல் அந்த உடன்படிக்கையின் குழு, வம்சாவளிப் பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று அறிவித்தது. ஒரு சொல் 37 ஆண்டுகள் காத்திருந்து நமக்குப் பயன்பட்டது. சொல்லைச் சேர்ப்பதும் நீக்குவதும் சின்ன வேலை இல்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

என் அனுபவம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். இந்தத் துறை சார்ந்த பயிற்சி ஒன்றில் கலந்துகொண்டேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். கடைசி நாளில் மாதிரிப் பேச்சுவார்த்தை நடந்தது. பெருந்தொற்றின்போது தனிக் கவனம் பெற வேண்டியவர்கள் என்று வரைவில் ஒரு பட்டியல் இருந்தது: பெண்கள், குழந்தைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள், பழங்குடிகள், புலம்பெயர்ந்தோர். 'பணி, வம்சாவளி அடிப்படையில் பாகுபாட்டுக்கு உள்ளாகும் சமூகங்கள்' என்று சேர்க்கக் கேட்டேன். முதல் எதிர்ப்பு வந்தது இந்தியாவிலிருந்து வந்திருந்த இன்னொரு பங்கேற்பாளரிடமிருந்து. "சாதியை ஏன் இங்கே கொண்டுவருகிறீர்கள்?" என்றார். நான் சாதி என்ற சொல்லையே சொல்லவில்லை. பயிற்சியாளர் மென்மையாகச் சொன்னார்: "கூட்டாளி இல்லாத சொல் நிற்காது, நேரத்தை வீணாக்க வேண்டாம்." அன்று மாலை இறுதியான வரைவில் என் சொற்கள் இல்லை.

பயிற்சியாளர் சொன்ன விதி உண்மைதான். கூட்டாளி இல்லாத சொல் நிற்காது. ஆனால் கூட்டாளி யார் என்று அங்கே யாரும் யோசிக்கவில்லை. ஜப்பானில் புராக்கு மக்கள் இருக்கிறார்கள். ஏமனில் முஹமஷீன் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தெருக் கூட்டுகிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலும் பிறப்பின் பேரால் ஒதுக்கப்பட்ட தொழிற்குழுக்கள் உண்டு. அவர்களோடு பேசுவதற்கு நம் தரப்பில் பயிற்சி பெற்ற எத்தனை பேர் இருக்கிறோம்? இதைத்தான் நான் கேட்கிறேன்.

ஏன் இல்லை? வெளிநாட்டுப் பணத்தில் கட்டணம். விசாவும் பயணச் செலவும் தனி. சரளமான ஆங்கிலம். அமைச்சகமோ பெரிய நிறுவனமோ தரும் பரிந்துரைக் கடிதம். இந்த வாசல்களைத் தாண்டி யார் உள்ளே போவார்கள் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தகுதி என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் இந்த வாசல்களின் பெயர்தான். உலக சுகாதார நிறுவனத்தின் அலுவல் மொழிகள் ஆறு. அவற்றில் தமிழ் இல்லை, இந்தியும் இல்லை.

பேச்சுவார்த்தை மேசை நமக்குப் புதியது என்று மட்டும் நினைக்காதீர்கள். 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் ஒடுக்கப்பட்டோரின் பிரதிநிதிகளாக உட்கார்ந்தவர்கள் அண்ணல் அம்பேத்கரும் நம் தாத்தா இரட்டைமலை சீனிவாசனும். 1946இல் அம்பேத்கர், அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் நகலைக் கேட்டார். தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட மக்களும் அந்த வழியில் போவது பற்றி அவர் யோசித்துக்கொண்டிருந்தார். கூட்டாளியைத் தேடுவது, மனுவின் மொழியைப் படிப்பது, சரியான அவையைத் தேர்வது, இவை எல்லாம் இன்று பணம் வாங்கிக்கொண்டு கற்றுத்தரும் பாடங்கள். பாபாசாகேப் அவற்றைத் தாமே செய்துகொண்டிருந்தார்.

இது அவசரமான விஷயம். மூன்றாண்டுகளுக்கும் மேலான பேச்சுவார்த்தைக்குப் பிறகு 2025 மே 20 அன்று உலக சுகாதாரப் பேரவை பெருந்தொற்று ஒப்பந்தத்தை ஏற்றது. அடுத்த பெருந்தொற்றில், இதில் சேரும் நிறுவனங்கள் தங்கள் உற்பத்தியில் 20 விழுக்காட்டை உலக சுகாதார நிறுவனத்துக்கு ஒதுக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. குறைந்தது 10 விழுக்காடு இலவசம். நோய்க்கிருமி மாதிரியைக் கொடுப்பதற்கும் பலனைப் பங்கிடுவதற்கும் உரிய விரிவான விதிகளை, பிறகு பேசிக்கொள்ளலாம் என்று ஒரு பின்னிணைப்புக்கு விட்டுவிட்டார்கள். சரி, அந்த 20 விழுக்காடு ஒரு நாட்டுக்குள் வந்து சேர்ந்த பிறகு யார் கைக்குப் போகும்? சாக்கடைக்குள் இறங்குகிறவருக்கும் மருத்துவமனைக் கழிவை அள்ளுகிறவருக்கும் எப்போது கிடைக்கும்? அதைக் கேட்பதற்கு அந்த அறையில் ஆள் வேண்டும்.

எனவே மூன்று கோரிக்கைகள். ஒன்று, மாநில அரசின் மருத்துவப் பல்கலைக்கழகமும் சட்டப் பல்கலைக்கழகமும் சேர்ந்து இந்தப் பயிற்சியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும், கட்டணமின்றி, இடஒதுக்கீட்டுடன் நடத்த வேண்டும். இரண்டு, உலக சுகாதாரப் பேரவைக்குப் போகும் இந்தியக் குழுவை எப்படித் தேர்வு செய்கிறார்கள் என்பது பொதுவில் தெரிய வேண்டும். தூய்மைப் பணியாளர் சங்கங்களிடமும் கிராமச் சுகாதாரச் செவிலியர் சங்கங்களிடமும் கருத்துக் கேட்டுவிட்டு அந்தக் குழு போக வேண்டும். மூன்று, நோய், மரணம் குறித்த அரசின் பதிவுகள் சாதிவாரியாக வெளிவர வேண்டும். எண் இல்லாமல் மேசையில் பேச முடியாது. இந்த மூன்றிலும் நான் சொல்கிற 'வேண்டும்' அறிவுரை இல்லை, கட்டாயம்.

நம் பங்குக்கும் ஒரு வேலை இருக்கிறது. பேரவையின் ஆவணங்கள் பொதுவில் கிடைக்கின்றன. அவையின் விவாதங்கள் நேரலையில் வருகின்றன. இந்த வட்டத்திலேயே மாதம் ஒரு வரைவை எடுத்து, வரி வரியாகத் தமிழில் வாசிப்போம். எங்கே கட்டாயம், எங்கே வெறும் வார்த்தை என்று குறிப்போம். முதல் கூட்டத்துக்குப் பெருந்தொற்று ஒப்பந்தத்தை நானே எடுத்துவருகிறேன். சட்டம் படிக்கும் தோழர்களும் செவிலியர் படிப்பில் இருக்கும் தோழர்களும் அவசியம் வாருங்கள்.