கண்ணாடியில் யார் முகம்?



அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் வீகோ என்றொரு கவுண்டி இருக்கிறது. கவுண்டி என்றால் மாவட்டம் போன்ற ஒரு நிர்வாகப் பகுதி. அதன் முக்கிய நகரம் டெர்ரே ஹாட். 1888 முதல் 2016 வரையான அதிபர் தேர்தல்களில் 1908, 1952 ஆகிய இரண்டைத் தவிர, மற்ற எல்லாவற்றிலும் வென்றவருக்கே அங்கே அதிக வாக்கு விழுந்தது. அதனால் வீகோவை அமெரிக்காவின் கண்ணாடி என்றார்கள்.

ஆய்வைத் தொடங்கியபோது நானும் நம்பினேன். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்தானே! பிறகுதான் கேட்கத் தோன்றியது: அந்தப் பானையில் யாருடைய அரிசி இருந்தது?

வீகோவில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் வெள்ளையர். 1965இல் வாக்குரிமைச் சட்டம் வரும்வரை, தென் மாநிலங்களின் கறுப்பின மக்களில் பெரும்பாலோரை எழுத்தறிவுத் தேர்வும் வாக்கு வரியும் வன்முறையும் வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்தின. கண்ணாடி காட்டியது வாக்களிக்க விடப்பட்டவர்களின் முகத்தைத்தான்.

1901இல் இதே டெர்ரே ஹாட்டில் ஜார்ஜ் வார்டு என்ற கறுப்பினத்தவரைச் சிறையிலிருந்து இழுத்துவந்து, பாலத்தில் தொங்கவிட்டு, உடலை எரித்தது ஒரு கும்பல். அதற்கு முந்தைய ஆண்டுத் தேர்தலிலும் அடுத்து 1904இல் வந்த தேர்தலிலும் வீகோவின் கணிப்பு தப்பவில்லை!

இதில் தற்செயலுக்கும் பங்குண்டு. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கவுண்டிகளில் சில தொடர்ந்து பொருந்தத்தான் செய்யும். ஆலைத் தொழிலாளர், பல்கலைக்கழகம், சுற்றிலும் விவசாயிகள் என்ற கலவையும் வீகோவுக்கு உதவியது.

2008இல் வீகோ சுமார் 57 விழுக்காடு வாக்கை ஒபாமாவுக்குத் தந்தது. 2012இல் அவர் மயிரிழையில்தான் அங்கே முந்தினார். 2016இல் டிரம்ப் பெரிய வித்தியாசத்தில் முந்தினார். 2020இலும் வீகோ அவர் பக்கமே நின்றது; நாடு பைடனைத் தேர்ந்தெடுத்தது. 1980 முதல் 2016 வரை தவறாத 19 கவுண்டிகளில், 2020இல் தப்பியது வாஷிங்டன் மாநிலத்தின் கிளாலம் மட்டுமே. 2024இல் அதுவும் தவறியது.

ஒபாமாவுக்கு வாக்களித்துப் பிறகு டிரம்பிடம் போனவர்களை இனவெறியர்கள் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட முடியாது. ஆலைகள் மூடிய வலி உண்மை. ஆனால், பட்டம் பெறாத வெள்ளையர் ஒருபுறமும் பெருநகரங்களும் கறுப்பின மக்களும் மறுபுறமுமாகப் பிரிந்துபோன நாட்டுக்கு ஒரே ஊர் கண்ணாடியாக முடியாது.

தோழர்களே, எந்த நாட்டிலும் "சராசரி வாக்காளர்" என்று யாராவது சொன்னால், அந்தச் சராசரியை எடுக்கும்போது யாரை எண்ணினீர்கள், யாரை விட்டீர்கள் என்று கேளுங்கள்.