ஒரே சாலை, பல துறைகள்

பெங்களூரில் புதுத் தார் காய்வதற்குள் குழாய்க்காகச் சாலையைத் தோண்டுவதைப் பார்த்திருப்பீர்கள். சாலை மாநகராட்சிக்குச் சொந்தம்; குழாய் 1964-இல் அமைந்த குடிநீர் வாரியத்துக்கு; மின்கம்பி, மின் விநியோக நிறுவனமான பெஸ்காமுக்கு.

2007-இல் ஏழு நகராட்சிகளையும் 110 கிராமங்களையும் இணைத்து பிபிஎம்பி என்ற பெருநகர மாநகராட்சி உருவானது. எல்லைதான் விரிந்தது, துறைகள் தனித்தனியாகவே நின்றன. 2025-இல் அது ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்தது. அவற்றுக்கு மேலே, முதலமைச்சர் தலைமையில் கிரேட்டர் பெங்களூரு ஆணையம். குடிநீர், மின்சாரம், பஸ், மெட்ரோ எல்லாவற்றையும் ஒருங்கிணைப்பது அதன் பொறுப்பு. மிக அவசியமான ஏற்பாடு இது.

ஆனால், 2020 செப்டம்பரில் பழைய மாமன்றத்தின் காலம் முடிந்தபின் ஐந்தாண்டுகளுக்கு மேல் மாநகராட்சித் தேர்தலே நடக்கவில்லை. கேள்வி கேட்க வார்டு உறுப்பினர் இல்லாவிட்டால் எந்த இணைப்பும் பயன் தராது. உங்களிடம் ஓட்டுக் கேட்டு வருபவரிடம், சாலையை யார், எப்போது தோண்டுவார்கள் என்ற அட்டவணையைக் கேளுங்கள்.