சட்டத்தின் ஆட்சியும் நீதிமன்றத்தின் கடமையும்



சட்டம் இருக்கும் நாடெல்லாம் சட்டத்தின் ஆட்சி நடைபெறும் நாடாகிவிடாது. கொடுங்கோலரிடமும் சட்டப் புத்தகங்கள் உண்டு. ஆள்வோரையும் ஆளப்படுவோரையும் ஒரே சட்டம் கட்டுப்படுத்தினால்தான் அது சட்டத்தின் ஆட்சியாகும். அரசின் செயல்களும் சட்டமன்றங்கள் இயற்றும் சட்டங்களும் அரசியலமைப்புக்கு உட்பட்டவையா என நீதிமன்றம் ஆராய்வதையே நீதிப் புனராய்வு என்கிறோம். அடிப்படை உரிமைகளைப் பறிக்கும் சட்டம் செல்லாது என்கிறது நம் அரசியலமைப்பின் 13-ஆம் பிரிவு. உச்ச நீதிமன்றத்தின் கதவை 32-ஆம் பிரிவும், உயர் நீதிமன்றங்களின் கதவை 226-ஆம் பிரிவும் நமக்குத் திறந்து வைத்துள்ளன.

அக்கதவு ஒருமுறை அடைபட்ட வரலாற்றை நாம் மறத்தலாகாது. 1975 ஜூன் 25 அன்று நெருக்கடி நிலை பிரகடனம் செய்யப்பட்டது. இரு நாட்களில், 14, 21, 22-ஆம் பிரிவுகளின் உரிமைகளைக் கோரி நீதிமன்றம் செல்வதைத் தடுக்கும் குடியரசுத் தலைவரின் ஆணை வெளியானது. விசாரணையின்றிச் சிறையிலிருந்தோர் ஆட்கொணர்வு மனுக்களைத் தாக்கல் செய்தனர். அவற்றை விசாரிக்கத் தமக்கு அதிகாரம் உண்டென்று 9 உயர் நீதிமன்றங்கள் கூறின. அரசு மேல்முறையீடு செய்தது. இதுவே ஜபல்பூர் வழக்கு எனப்படுகிறது.

காவல் அதிகாரி ஒருவர் சொந்தப் பகையால் ஒருவரைக் கொன்றாலும் பரிகாரம் இல்லையா என நீதிபதி எச்.ஆர்.கன்னா வினவினார். நெருக்கடி நிலை நீடிக்கும்வரை இல்லை என்பதே அரசுத் தரப்பின் விடை. 1976 ஏப்ரல் 28 அன்று 5 நீதிபதிகளில் 4 பேர் அரசின் வாதத்தை ஏற்றனர். கன்னா ஒருவரே மறுத்தார். சட்டத்தின் அதிகாரமின்றி எவருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்க அரசுக்கு ஒருபோதும் உரிமையில்லை என்று எழுதினார். 1977 ஜனவரியில், பணிமூப்பில் அடுத்திருந்த அவரைத் தாண்டி வேறொருவர் தலைமை நீதிபதியாக நியமிக்கப்பட்டார். கன்னா பதவி விலகினார்.

ஆயினும் அவருடைய சொல் வீண்போகவில்லை. நெருக்கடி நிலையிலும் 20, 21-ஆம் பிரிவுகளின் பாதுகாப்பை நிறுத்தி வைக்க இயலாதவாறு 1978-இல் 44-ஆவது திருத்தம் நிறைவேறியது. 2017 ஆகஸ்ட் 24 அன்று, தனியுரிமை வழக்கில், 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு ஜபல்பூர் தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. அன்று பெரும்பான்மையில் இருந்த ஒய்.வி.சந்திரசூட்டின் புதல்வர் டி.ஒய்.சந்திரசூட்டே அத்தீர்ப்பு தவறானதென எழுதினார் என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

இதில் நமக்குள்ள பாடம் யாது? உரிமைகள் ஏட்டில் இருப்பதால் மட்டும் காக்கப்படுவதில்லை. "எந்தச் சட்டப்படி?" என்று கேட்கும் குடிமகனும், அக்கேள்விக்குச் செவிசாய்க்கும் நீதிபதியும் வேண்டும். கைது செய்யப்பட்டவரிடம் காரணம் கூறப்பட வேண்டும். தாம் விரும்பும் வழக்கறிஞரை அவர் கலந்துகொள்ளலாம். தடுப்புக் காவல் நீங்கலாக, பயண நேரம் போக 24 மணி நேரத்திற்குள் நடுவர்முன் அவரை நிறுத்த வேண்டும். அடைபட்டவருக்காக அவர்தம் உறவினர் ஆட்கொணர்வு மனு அளிக்கலாம். வழக்கறிஞர் கட்டணத்திற்கு வசதியற்றோருக்கு 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச சட்ட உதவி உண்டு. அதனை வட்ட சட்டப் பணிகள் குழுவில் கோரலாம்.

இவற்றை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் எடுத்துரைப்போம். அண்டை வீட்டார் எச்சமயத்தவராயினும், அவருக்கு நேரும் அநீதியையும் சட்டத்தின் வழியே நின்று கேட்போம். ஒருவருக்கு அடைபடும் கதவு நாளை அனைவருக்கும் அடைபடக்கூடும்.