"ஆட்டம் இன்னும் முடியலையே, அங்கிள்!"



தோல்வி தெரிந்ததும் விலகிக்கொள்வது பண்பா? இதுதான் இன்றைய கேள்வி. நான் வார இறுதியில் மன்றத்தில் சதுரங்கம் ஆடுபவன். பெரிய ஆட்டக்காரன் அல்லன். பலகையில் கற்ற ஒன்றைச் சொல்கிறேன்.

அண்மையில் ஒரு போட்டி. ஆளுக்கு 90 நிமிடம். எதிரே 11 வயதுச் சிறுமி. ஆட்டத்தின் முடிவில் அவளிடம் மிஞ்சியது ராஜா மட்டும். என்னிடம் ராஜாவும் ராணியும். இந்தக் கட்டத்தில் பலரும் கைகுலுக்கி எழுந்துவிடுவார்கள். இவள் எழவில்லை. நகர்த்துவாள், கடிகாரத்தை அழுத்துவாள், தாளில் எழுதுவாள். எனக்கோ எரிச்சல். "தோற்றது தெரியவில்லையா இந்தப் பிள்ளைக்கு?" என்று எண்ணியபடியே வேகமாக ஆடினேன்.

அவளுடைய ராஜா மூலைக்குப் போனது. என் ராணியை அதிலிருந்து குதிரை தாவும் தூரத்தில் வைத்தேன். அவ்வளவுதான்! மூலையைச் சுற்றியுள்ள மூன்று கட்டங்களும் அடைபட்டன. ஆனால் ராஜாவுக்குச் 'செக்' இல்லை. செக்கும் இல்லை, நகர வழியும் இல்லை என்றால் விதிப்படி ஆட்டம் சமன். ஆளுக்கு அரைப் புள்ளி. என் கடிகாரத்திலோ இன்னும் அரை மணி நேரம் மிச்சம்! 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இப்படி அடைத்தவரையே தோற்றவராகக் கொண்டார்களாம். அந்த வகையில் எனக்கு அரைப் புள்ளியே அதிகம்.

"ஏம்மா, முன்பே விட்டிருக்கலாமே?" என்றேன்.

"ஆட்டம் இன்னும் முடியலையே, அங்கிள்" என்றாள்.

நேயர்களே, அதற்கு முந்தைய வாரம்தான், படிவம் 4இல் படிக்கும் என் மகள், "கூடுதல் கணிதம் வரலைப்பா, விட்டுடட்டுமா?" என்று கேட்டாள். "விட்டுவிடு" என்றேன். அன்பினால் சொன்னதாக நினைத்தேன். உண்மையில், அவள் தோற்றுவிட்டாள் என்று அவளுக்கும் முன்பே முடிவு கட்டியவன் நான்.

கிராண்ட்மாஸ்டர்கள் பாதியில் விலகுவார்கள். எதிராளி தவறமாட்டார் என்று அவர்களுக்குத் தெரியும். நம் போன்றோர் அப்படியா? நாமும் தவறுகிறோம், எதிரே இருப்பவரும் தவறுகிறார். கற்கும் பிள்ளையிடம் "விட்டுவிடு" என்று சொல்லுமுன், இன்னும் என்ன வழி இருக்கிறது என்று கொஞ்சம் பார்ப்போமே.

அன்றிரவு மகளோடு அமர்ந்து அந்தக் கணிதப் புத்தகத்தைத் திறந்தேன். எனக்கும் பாதி புரியவில்லை. ஆனாலும் நாங்கள் மூடவில்லை.