எரித்தவர்களும் சிலை எடுத்தவர்களும்

(கோலார் தங்கவயலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



1946 நவம்பர் 4 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர்கள் உயிர்நீத்த மண் இது. தியாகியின் உருவத்தை யார் வடிக்கிறார்கள், எதற்காக வடிக்கிறார்கள் என்ற கேள்வி இங்கே வெறும் கலை விவாதமாக இருக்க முடியாது. பிரான்சின் உழவர் வீட்டுப் பெண் ஜோன் ஆஃப் ஆர்க்கின் உருவம் பட்ட பாட்டைப் பார்த்தால் இது விளங்கும்.

ஆங்கிலேயப் படையின் முற்றுகையிலிருந்து ஆர்லியன்ஸ் நகரை 1429இல் மீட்ட போரில் முன்நின்றவர் அவர். 1431இல் ருவான் நகரில், ஆயர் ஒருவர் தலைமையிலான திருச்சபை நீதிமன்றம் அவரைக் குற்றவாளியாக்கியது. ஆண் உடை அணிந்ததும் குற்றச்சாட்டுகளில் ஒன்று. ஏறத்தாழ 19 வயதில் உயிரோடு எரிக்கப்பட்டார். அதே திருச்சபை 1920இல் அவருக்குப் புனிதர் பட்டம் சூட்டியது.

அவர் உயிரோடிருந்த காலத்தில் வரையப்பட்டு இன்று எஞ்சியிருப்பது ஒரேயொரு சிறு கோட்டுருவம். பாரிஸ் நீதிமன்ற எழுத்தர் ஒருவர் 1429 மே மாதத்தில் பதிவேட்டின் ஓரத்தில் கிறுக்கியது. எழுத்தர் ஜோனைக் கண்டவரல்லர்; நீண்ட கூந்தலும் பெண் உடையும் வரைந்துவிட்டார். கத்தரித்த முடியோடு களம் சென்ற பெண்ணை முதல் படமே 'திருத்தி'விட்டது! 1854இல் ஆங்கர் தீட்டிய ஓவியத்திலும் கவசத்தோடு பாவாடை உண்டு. தலையைச் சுற்றி ஒளிவட்டமும் உண்டு, புனிதர் பட்டத்திற்கு 66 ஆண்டுகள் முன்பே.

பாரிஸ் கம்யூன் இரத்தத்தில் மூழ்கடிக்கப்பட்டு மூன்றே ஆண்டுகளில், 1874இல், ஃப்ரெமியே வடித்த குதிரைவீராங்கனைச் சிலை அந்நகரில் எழுந்தது. பிற்காலத்தில் லெ பென்னின் தேசிய முன்னணி அச்சிலையடியில் கூடுவதற்குத் தேர்ந்துகொண்ட நாள் எது தெரியுமா? மே தினம்!

நமக்கு அருகிலும் ஒரு சிலை உண்டு. புதுச்சேரியில் கப்ஸ் கோயிலின் எதிரே பளிங்கில் நிற்கிறார் ஜோன். அந்நியப் படையை விரட்டப் போராடியவரின் சிலை அந்நிய ஆட்சியின் கீழ் நம் மண்ணில் நாட்டப்பட்டது. இதைவிடப் பெரிய முரண் வேறென்ன?

இந்தப் பொன்முலாமைச் சுரண்டிப் பார்த்தவர் பெர்டோல்ட் பிரெக்ட். 1929–31இல் அவர் எழுதிய 'இறைச்சிக்கூடங்களின் புனித ஜோன்' நாடகத்தில் ஜோன் சிகாகோவுக்கு வருகிறார். அதே காலத்தில், 1930இல், விரல்ரேகைப் பதிவை எதிர்த்துத் தங்கவயல் வேலைநிறுத்தம் செய்தது; ஆகவே அந்தச் சிகாகோ இங்குள்ளவர்களுக்கு அந்நிய ஊரன்று. வேலையிழந்து பனியில் நிற்கும் தொழிலாளரிடம் அவர் கடவுளையும் பொறுமையையும் போதிக்கிறார். முதலாளியின் மனம் இளகும் என்று நம்புகிறார். பொது வேலைநிறுத்தத்திற்கான கடிதம் அவரிடம் ஒப்படைக்கப்படுகிறது, அதை உரியவரிடம் சேர்க்காமல் விடுகிறார், போராட்டம் தோற்கிறது. சாகும் தறுவாயில்தான் உண்மை உறைக்கிறது. அதை உரக்கச் சொல்ல முயல்கையில், இறைச்சி முதலாளிகளும் மதபோதகர்களும் துதிப்பாடலை ஓங்கிப் பாடி அக்குரலை அமுக்கி, அவரைப் புனிதராக்கிவிடுகின்றனர்.

1932இல் பெர்லின் வானொலி இந்நாடகத்தைச் சுருக்கி ஒலிபரப்பியது. மறு ஆண்டு ஹிட்லர் ஆட்சிக்கு வந்தான். பிரெக்ட் நாட்டைவிட்டு வெளியேறினார். மேடையில் இது முதன்முதலாக ஏறியது 1959இல், ஹாம்பர்க் நகரில். பிரெக்ட் மறைந்து அப்போது மூன்றாண்டுகள் ஆகியிருந்தன.