பட்டியலில் யார்?

தோழர்களே, 2020 ஏப்ரலில் சீனாவிலிருந்து துரிதப் பரிசோதனைக் கருவிகள் வந்தன. 245 ரூபாய்க்கு இறக்குமதியானதை அரசுக்கு 600 ரூபாய் என்று விலைபேசிய கதை டெல்லி உயர்நீதிமன்றத்தில் சந்தி சிரித்தது. கருவிகளும் சரியில்லை; ஐசிஎம்ஆரே திருப்பி அனுப்பச் சொன்னது. இந்தக் கொள்ளையை எல்லோரும் பேசியாயிற்று.

நான் கேட்பது வேறு. யாரைச் சோதிப்பது? ஐசிஎம்ஆரின் ஏப்ரல் பட்டியலில் அறிகுறியுள்ள மருத்துவப் பணியாளர்கள் இருந்தார்கள். 'முன்களப் பணியாளர்' என்ற சொல் மே 18-இல்தான் நுழைந்தது. அதுவரை தனிமைப்படுத்தப்பட்ட வீடுகளின் குப்பையை அள்ளியவை யாருடைய கைகள்? எந்தச் சேரியிலிருந்து வந்த கைகள்? அவர்களுக்குத் 'தூய்மைப் பணியாளர்' என்று தமிழக அரசு பெயர் சூட்டியது. கழுத்தில் மாலைகூட விழுந்தது. அடுத்த பட்டியல் எழுதப்படும் மேசையில் அவர்களின் சங்கத்துக்கு ஒரு நாற்காலி வேண்டும். அதை இப்போதே கேட்போம்.